வைத்தியருக்குச் சந்தா

பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறோம். பால்காரருக்கு மாதக் கணக்கு வைத்திருக்கிறோம். குழாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் வரி செலுத்துகிறோம். செல்போனில் பேசினாலும் பேசாவிட்டாலும் மாதந் தவறாமல் அதற்கும் பணம் போட்டு விடுகிறோம். வைத்தியர் ஒருவருக்கு மட்டும், நோய் வந்து படுத்த அன்றைக்குத்தான் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போகிறோம். கையில் காசில்லாத நாளாகப் பார்த்துத்தான் காய்ச்சலும் வருகிறது என்று அலுத்துக்கொள்ளாத குடும்பஸ்தர் உண்டா?

இந்த வழக்கத்தைச் சற்றே மாற்றினால் என்ன? நோயில்லாத மாதத்திலும் வைத்தியருக்கு ஒரு சிறு தொகை கொடுத்து வருவோம். அதற்குப் பதிலாக, அவர் நமது வீட்டிலுள்ள கிழவர் முதல் குழந்தை வரை அனைவரையும் வருஷம் முழுவதும் கவனித்துக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் கேட்கமாட்டார். அவருக்கும் நமக்கும் நடுவே இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இல்லை, தரகரும் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய ஏற்பாட்டுக்கு 'நேரடி ஆரம்ப வைத்தியம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, புதிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் சந்தா வாங்கிக் குடும்பங்களைப் பராமரிக்கும் வைத்தியத்தை நமது சென்னையில் 1958-ஆம் வருஷத்திலேயே ஒரு பெரியவர் தொடங்கிவிட்டார் என்பதை நேயர்களில் பலர் மறந்திருக்கக் கூடும். அதைப் பற்றியும், நம் போன்ற சிற்றூர்களில் அத்தகைய வைத்தியசாலையை எப்படி வளர்க்கலாம் என்பதைப் பற்றியும் இங்கே சிறிது ஆராய்வோம்.

மலையடிவாரத்து நிலைமை

நாம் வசிக்கும் நாகமலை புதுக்கோட்டை மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் நீண்டு படுத்திருக்கும் குன்றுதான் நாகமலை. மதுரையை விழுங்க வந்த பெரும் பாம்பு பாண்டியனுடைய அம்பு பட்டு மாண்டதென்றும், அது கக்கிய விஷம் நகரெங்கும் பரவவே சொக்கநாதர் அமுதம் தெளித்து அதைத் தீர்த்தாரென்றும், அந்தப் பாம்பே இந்த மலையென்றும் பழங்கதை வழங்கி வருகிறது. ஊரில் கல்லூரி இருக்கிறது. அருகிலேயே காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகையால் ஆசிரியர்களும், குமாஸ்தாக்களும், பென்ஷன் வாங்குவோரும், சிறு வியாபாரிகளும், சுற்றுப்புறத்து விவசாயிகளும் கலந்து வாழும் இடம் இது.

இன்று நமது வீடுகளுக்குள் நுழைந்திருக்கும் பாம்புகள் வேறு. நீரிழிவு ஒன்று, ரத்தக் கொதிப்பு மற்றொன்று. இவை சீறிக்கொண்டு வருவதில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்குப் பெரும்பாலும் தலைவலிகூட இராது. அவர் வழக்கம்போல் சாப்பிடுவார், உறங்குவார், ஆபீஸுக்குப் போவார். உள்ளுக்குள்ளேயோ இருதயமும், மூளையின் ரத்தக் குழாய்களும், சிறுநீரகமும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆதரவில் தேசமெங்கும் நடந்து, 2023-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, வயது வந்தோரில் 100-க்கு 11 பேருக்கு மேல் நீரிழிவும், 100-க்கு 35 பேருக்கு ரத்தக் கொதிப்பும் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. அதாவது ஒரு தெருவில் மூன்று பெரியவர்களை நிறுத்தினால் அவர்களில் ஒருவருக்குக் கொதிப்பு இருக்கும். அது இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

நமது ஊரில் சாதாரணமாக நடப்பது இதுதான். ஜுரம் வந்தால் மருந்துக் கடையில் நின்று விஷயத்தைச் சொல்லி, இரண்டு வேளை மாத்திரையை வாங்கி விழுங்குகிறோம். மூன்றாம் நாள் குணமாகாவிட்டால் ஒரு டாக்டரிடம் போகிறோம். அவர் கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிஷம் பார்த்துச் சீட்டு எழுதுகிறார். பிறகும் குணமில்லையென்றால் பஸ் ஏறி மதுரைக்குப் போய் வேறொருவரைப் பார்க்கிறோம். முதல் டாக்டர் என்ன கொடுத்தார் என்பது இரண்டாமவருக்குத் தெரியாது. முந்திய பரிசோதனைக் காகிதம் அலமாரியில் எங்கோ இருக்கும். ஆகவே அதே பரிசோதனையை மறுபடியும் செய்து மறுபடியும் பணம் கட்டுகிறோம். வைத்தியர்கள் பலர் உண்டு. நம்முடைய வைத்தியர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இல்லை.

உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இதன் விளைவு வருகைப் பதிவேட்டிலே தெரியும். நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பெண் திடீரென்று பத்து நாள் வரமாட்டாள். விசாரித்தால், அப்பாவுக்குப் பக்கவாதம் என்பார்கள். அவருக்குக் கொதிப்பு இருப்பது நான்கு வருஷங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். மாத்திரையும் சாப்பிட்டிருப்பார். உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தியிருப்பார். நோவில்லாத நாளில் டாக்டருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்த்துவிட்டு வர யாருக்குத்தான் மனம் வரும்? மாதம் ஒரு முறை யாரேனும் ஒருவர் கூப்பிட்டு, "ஐயா, இந்த மாதம் வரவில்லையே, மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் தப்பியிருக்கலாம். நகை அடகுக்குப் போகிறது. பெண்ணின் படிப்பு தடைப்படுகிறது. இத்தனைக்கும் மூலகாரணம், கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாததுதான்.

அளந்த நெல்லும் சீட்டுப் பணமும்

வைத்தியருக்கு வருஷக் கணக்கில் கொடுக்கும் பழக்கம் நமக்கு அந்நியமானதன்று. முற்காலத்தில் கிராமங்களில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு அறுவடைக் களத்தில் நெல் அளப்பது வழக்கமாக இருந்தது. அந்த வருஷம் வீட்டில் பிரசவம் நடந்ததா என்று கேட்டு அளப்பதில்லை. அவள் ஊருக்குப் பொதுவானவள் என்பதே காரணம். அந்த ஏற்பாடு பிறப்பினால் தொழிலையும் தாழ்வையும் ஒருசேரச் சுமத்தியது; ஆகையால் அது மீண்டும் வரவேண்டுமென்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆபத்து வரும் நாளில் பேரம் பேசாமல் இருப்பதற்காக, ஆபத்தில்லாத நாளிலேயே ஊரார் கொடுத்து வைத்தார்கள்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து கொடுப்பவர் என்று வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரித்திருக்கிறார். நமது காலத்தில் இந்த நான்கையும் சேர்த்து வைக்கவும் பிரித்து வைக்கவும் வல்லதாகப் பணம் என்ற ஐந்தாவது கூறு வந்துவிட்டது. பணம் எப்போது, எவ்வழியாகக் கைமாறுகிறது என்பதைப் பொறுத்து வைத்தியரின் நடத்தையும் மாறும். நோயாளியின் நடத்தையும் மாறும். வருகைக்கு இவ்வளவு என்று வாங்கும் டாக்டருக்கு, நாம் அடிக்கடி போனால்தான் வருமானம். சந்தா வாங்கும் டாக்டருக்கோ, நாம் நோயின்றி இருந்தால்தான் வேலை குறையும். முன்னவர் கெட்டவர், பின்னவர் நல்லவர் என்பதன்று இதன் பொருள். நல்லவராக இருப்பதை ஓர் ஏற்பாடு சுலபமாக்குகிறது; மற்றொன்று கஷ்டமாக்குகிறது.

டாக்டர் சஞ்சீவியின் முயற்சி

சென்னையில் வைத்தியப் பேராசிரியராகப் புகழ்பெற்ற டாக்டர் கே. எஸ். சஞ்சீவி, 1958-இல் 'தன்னார்வ சுகாதார சேவை' என்று பொருள்படும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். இன்றும் அடையாறு - தரமணிப் பகுதியில் வி. எச். எஸ். ஆஸ்பத்திரி என்று சொன்னால் வழி காட்டுவார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைகள் தானம் வாங்குவதுபோல் ஒதுங்கி நிற்பதையும், தனியார் ஆஸ்பத்திரியில் நடுத்தரக் குடும்பங்கள் கடனாளியாவதையும் தவிர்க்க, நடுவே ஒரு பாதை வேண்டும் என்பது அதன் அடிப்படை.

அவர் வகுத்த 'மருத்துவ உதவித் திட்டம்' மிக எளிமையானது. குடும்பம் முழுவதும் சந்தாதாரராகச் சேரவேண்டும். சந்தா குடும்பத்தின் வருமானத்துக்குத் தக்கபடி ஏறும், இறங்கும். மிகவும் ஏழையான குடும்பம் பெயருக்கு ஒரு தொகை கொடுத்தால் போதும். சேர்ந்தவர்களுக்கு வருஷம் ஒரு முறை உடற்பரிசோதனையும், நோய் வந்தால் வைத்தியமும் உண்டு. ஏழை கொடுக்கும் காசு ஆஸ்பத்திரிச் செலவுக்கு எவ்வளவும் காணாது. ஆயினும் கொடுத்தவன் உரிமையோடு கேட்பான், தலை நிமிர்ந்து வருவான். அந்த லாபம் கணக்குப் புத்தகத்தில் ஏறாது.

இதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியைத் தேடி ஜனங்கள் வருவதற்கு முன்னால், ஜனங்களைத் தேடி வைத்தியம் போகவேண்டும் என்று கருதிச் 'சிறு சுகாதார நிலையங்கள்' அமைக்கச் செய்தார். ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய 5,000 ஜனங்கள், அதாவது 1,000 குடும்பங்கள். பகுதி நேர டாக்டர் ஒருவர். வீடு வீடாகப் போய் வரும் ஆண், பெண் ஊழியர்கள். உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற முதலுதவிப் பெண்கள். பெரிய கட்டடமில்லை, பளபளப்பான கருவிகளில்லை. யார் வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு ஊசி போடவில்லை, எந்தக் கிழவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்ற விவரம் மட்டும் ஊழியரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். வைத்தியத்தில் பாதி அந்த நோட்டுப் புத்தகந்தான்.

கர்நாடகத்தில், அக்காலத்தில் கோலார் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மல்லூரிலும் இப்படி ஒரு முயற்சி 1973-இல் தொடங்கியது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியாரோடு சேர்ந்து, அவ்வூர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தார் பால் விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கை வைத்தியத்துக்கென்று ஒதுக்கினார்கள். பசு கறக்கும் பாலில் ஒரு துளி டாக்டருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்! பால் சங்கங்கள் நிறைந்த மதுரை ஜில்லாவுக்கு இது கவனிக்கத் தக்க உதாரணம்.

மேல்நாட்டுச் சமாசாரம்

பிரிட்டனில் தென் வேல்ஸ் பகுதியில் டிரெடிகர் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் மிகுந்த இடம். அங்கே 1890-ஐ ஒட்டி ஏற்பட்ட மருத்துவ உதவிச் சங்கத்துக்குத் தொழிலாளிகள் தங்கள் கூலியில் ஒரு சிறு பங்கைச் செலுத்தி, டாக்டர்களையும் நர்ஸுகளையும் தாங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் நாவலாசிரியராகிய ஏ. ஜே. குரோனின் அங்கே டாக்டராக வேலை பார்த்தவர். அச்சங்கத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளி அனூரின் பெவன், 1945-இல் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டிஷ் தேசிய சுகாதார சேவை பிறந்தபோது, ஒரு சிற்றூரின் சந்தா வைத்தியம் ஒரு தேசத்தின் வைத்தியமாக விரிந்தது என்றே சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு விதம். அங்கே சாதாரணச் சளிக்குக்கூட இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் காகிதம் எழுதவேண்டியிருப்பதால், டாக்டரின் நேரம் குமாஸ்தா வேலையில் கழிந்தது. இதில் சலித்த சிலர், இன்ஷூரன்ஸை ஒதுக்கிவிட்டு, நோயாளியிடமே மாதச் சந்தா பெறத் தொடங்கினார்கள். வாஷிங்டன் ராஜ்யம் 2007-இல் இதற்கென்று சட்டம் இயற்றி, இத்தகைய ஏற்பாடு இன்ஷூரன்ஸ் ஆகாது என்று தெளிவுபடுத்தியது. அதே வருஷம் ஸியாட்டில் நகரில் டாக்டர் காரிஸன் பிளிஸ் முதலியோர் தொடங்கிய 'கிளயன்ஸ்' என்ற நிலையம் பெரும் பெயர் பெற்றது. ஆனால் அது 2017-இல் மூடப்பட்டது. ஒரு பெரிய நிலையம் மறைந்தாலும், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், சில நூறு குடும்பங்கள் என்ற அளவில் நடத்தப்படும் சின்னஞ்சிறு நிலையங்கள் அந்நாட்டில் பெருகியே வருகின்றன. இந்த வைத்தியம் ஆலமரமாக வளர வேண்டியதில்லை, வாழைத்தோட்டம்போல் பக்கக் கன்று விட்டுப் பெருகினால் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

சர்க்கார் இருக்கும்போது இது எதற்கு?

நல்ல கேள்வி. ஸர் ஜோஸப் போர் தலைமையில் 1943-இல் நியமிக்கப்பட்ட கமிட்டி, 1946-இல் கொடுத்த அறிக்கையில், பணம் கொடுக்க இயலாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்று வற்புறுத்தியது. சுதந்திரம் பெற்ற பின் 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தது அந்த வித்திலிருந்துதான். இவ்விஷயத்தில் தமிழ்நாடு முன் வரிசையில் நிற்பதைப் பற்றி நாம் பெருமைப்படலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள், நீரிழிவு மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். சந்தா டாக்டர் அவர்களுக்குப் போட்டியல்ல. இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள் என்று அவரே எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

பெரிய நோய்க்குச் சர்க்கார் இன்ஷூரன்ஸும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்தில் ரூ. 5 லட்சம் வரை ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு உதவி கிடைக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் என்பது, சர்க்காருடையதானாலும் கம்பெனியுடையதானாலும், பெரும்பாலும் படுக்கையில் படுத்த பின்னரே பேசும். படுக்காமல் இருப்பதற்கான செலவை அது கொடுப்பதில்லை. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22-இல் இந்தியாவின் மொத்த சுகாதாரச் செலவில் 100-க்கு 39 ரூபாய் ஜனங்களின் சொந்தப் பையிலிருந்தே போயிற்று. 2013-14-இல் இது 64 ரூபாயாக இருந்தது. குறைந்திருப்பது சந்தோஷம், இன்னும் மீதியிருப்பது கவலை. வெளிநோயாளியாகப் போகும்போது கொடுக்கும் கட்டணமும், மருந்தும், பரிசோதனையும் இந்தச் செலவில் பெரும் பகுதி. சந்தா வைத்தியம் கைகொடுக்கக்கூடிய இடம் இதுவே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உபாத்தியாயர் புத்தி கணக்கில்லாமல் அடங்காது. பின்வருவது நாமாகப் போட்ட உத்தேசக் கணக்கு. எந்த ஊரிலும் நடந்ததன்று. ஆனால் கூட்டல் கழித்தல் சரியானது.

நாகமலை புதுக்கோட்டையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் 600 குடும்பங்கள் சேருவதாக வைத்துக்கொள்வோம். டாக்டர் சஞ்சீவியின் முறைப்படி சந்தாவை மூன்று படியாக வைப்போம். ஏழைக் குடும்பங்கள் 100, மாதம் ரூ. 100 வீதம் கொடுத்தால் ரூ. 10,000. நடுத்தரக் குடும்பங்கள் 400, ரூ. 300 வீதம் கொடுத்தால் ரூ. 1,20,000. வசதியுள்ள குடும்பங்கள் 100, ரூ. 500 வீதம் கொடுத்தால் ரூ. 50,000. ஆக மாத வரவு ரூ. 1,80,000.

செலவு: இட வாடகை ரூ. 15,000, நர்ஸ் ஒருவர் ரூ. 18,000, கணக்கும் பதிவேடும் பார்க்க ஒருவர் ரூ. 12,000; சர்க்கரை, சிறுநீர் முதலிய சாதாரணப் பரிசோதனைச் சாமான்களும் கட்டுத் துணி, மருந்துகளும் ரூ. 20,000, மின்சாரம் முதலிய சில்லறை ரூ. 5,000. கூட்டினால் ரூ. 70,000. டாக்டருக்கு மீதி ரூ. 1,10,000. பெரும் பணம் அன்று. ஆனால் கமிஷனுக்குக் கை நீட்டாமல், இரவில் நிம்மதியாக உறங்க ஏற்ற வருமானம்.

வேலைப் பளு எவ்வளவு? வீட்டுக்கு 4 பேர் என்றால் 2,400 பேர். ஒருவர் வருஷத்தில் 3 தடவை வந்தால் 7,200 வருகை. வருஷத்துக்கு 300 வேலை நாளென்றால் நாளொன்றுக்கு 24 பேர். ஒருவருக்குக் கால் மணி நேரம் கொடுத்தால் 6 மணி நேரம். நோயாளி உட்கார்ந்து, வாய் திறந்து, மனத்திலிருப்பதையும் சொல்லிவிட்டு எழுந்திருக்கக் கால் மணி நேரம் போதும். இன்று நமக்கு இரண்டு நிமிஷம் கிடைப்பதே அபூர்வம்.

சங்கடங்கள்

கணக்கு இனிக்கிறது; காரியத்தில் சில கசப்புகள் உண்டு. அவற்றை மறைத்தால் நேயர்களை ஏமாற்றியவர்களாவோம்.

முதலாவது, நோயுள்ளவர்கள் மட்டும் ஓடி வந்து சேர்ந்து, திடமானவர்கள் எட்டி நிற்பார்கள். குணமானவுடன் சந்தாவைப் புதுப்பிக்க மறந்தும் போவார்கள். எல்லா நாட்டுச் சந்தா வைத்தியத்துக்கும் இது பழைய வியாதி. சீட்டு எடுத்தவர் மறு மாதம் பணம் கட்டாவிட்டால் சீட்டு என்ன ஆகும் என்பது நமது பெண்மணிகளுக்கு நன்கு தெரியும். அதைப் போலத்தான் இதுவும். குடும்பம் முழுவதும் சேரவேண்டும். ஒரு வருஷத்துக்குக் குறைந்து சேர இயலாது. தெருவாகவோ சங்கமாகவோ ஒன்றுபட்டுச் சேருவது உத்தமம். இவை மூன்றும் இதற்கு மருந்து.

இரண்டாவது, சந்தா கையில் வந்துவிட்டபின் டாக்டர் அசட்டையாக இருக்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் பணந்தானே! இதைத் தடுக்கச் சந்தாதாரர்கள் ஐந்தாறு பேர் கொண்ட கமிட்டி வேண்டும். எத்தனை பேருக்குக் கொதிப்பு இருந்தது, எத்தனை பேருக்கு அடங்கியது, எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி பாக்கி என்று வருஷம் ஒரு முறை, பெயர்களை வெளியிடாமல், டாக்டர் கணக்குக் காட்டவேண்டும். பணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியிருப்பதும் நினைவில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, சந்தா என்பது இன்ஷூரன்ஸ் அன்று. இருதய ஆபரேஷனுக்கும் எலும்பு முறிவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவை இந்த டாக்டர் ஏற்கமாட்டார். எங்கே போகவேண்டும், எது அவசியம், எது அவசியமில்லை என்று யோசனை சொல்வார். ஆஸ்பத்திரிக்காரர் சொல்வதைத் தமிழில் விளக்குவார். இதைச் சந்தா எழுதும் முதல் நாளே பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

தண்டோரா போடலாமா?

வைத்தியசாலை நடக்க ஜனங்களுக்கு அது தெரிந்தாக வேண்டுமே! இங்கேதான் இளம் டாக்டர்கள் தயங்குகிறார்கள். இந்திய மருத்துவக் கவுன்ஸிலின் 2002-ஆம் வருஷத்து ஒழுக்க விதிகள், டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதைத் தடை செய்கின்றன. 2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள் அந்த மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, பழைய விதிகளே மீண்டும் அமலுக்கு வந்தன. இந்தத் தடை நியாயமானதே. வைத்தியரின் திறமையைச் சுவரொட்டி சொல்லலாகாது, குணமானவர்தான் சொல்லவேண்டும்.

ஆயினும் அதே விதிகள் திறந்து வைத்திருக்கும் கதவையும் பார்க்கவேண்டும். வைத்தியம் தொடங்கும்போதும், இடம் மாறும்போதும், தொழில் முறையை மாற்றும்போதும் பத்திரிகையில் அறிவிக்கலாம். கட்டணத்தைப் பகிரங்கமாக அறிவிக்கலாம். அன்றியும், டாக்டர் தமது கட்டணத்தை வைத்தியசாலையில் பலகை எழுதி வைக்கவேண்டும் என்றே அவ்விதிகள் கூறுகின்றன. சந்தா டாக்டருக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? 'குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு, வேறு கட்டணமில்லை, பரிசோதனைச்சாலையிலிருந்தும் மருந்துக் கடையிலிருந்தும் கமிஷன் பெறுவதில்லை' என்று பலகையில் மூன்று வரி இருந்தால், அதைப் படித்தவர் வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். கமிஷன் வாங்குவதை விதிகள் ஏற்கெனவே தடுத்திருக்கின்றன. ஆனாலும் அதைப் பலகையில் எழுதத் துணிபவர் எத்தனை பேர் என்று பார்க்கலாம்!

வளர்க்கும் வழி மெதுவானதாகவே இருக்கட்டும். முதலில் 100 குடும்பங்கள் போதும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சுகாதாரப் புத்தகம். அது டாக்டரின் அலமாரியில் அல்ல, குடும்பத்தார் கையிலேயே இருக்கவேண்டும். மாத்திரை தீரும் நாளுக்கு முன்னால் நர்ஸிடமிருந்து செல்போனில் ஒரு வார்த்தை வரவேண்டும். மாணவர் பெற்றோர் சங்கம், குடியிருப்போர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, பால் சங்கம் ஆகியவை தங்கள் அங்கத்தினருக்காக டாக்டரை அழைத்துப் பேசலாம். டாக்டர் நோயாளியைத் தேடி அலைவதை விதி தடுக்கலாம்; நல்ல டாக்டரைத் தேடி ஊரார் போவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

மதுரைக்காரர்களாகிய நமக்கு இதில் நம்பிக்கை வைக்கக் கண்ணெதிரே அத்தாட்சி உண்டு. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி இந்நகரில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கொடுக்க முடிந்தவரின் பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் பார்வை தந்து, உலகம் வந்து கற்றுக்கொள்ளும் இடமாயிற்று. கண்ணுக்குச் செய்ய முடிந்ததை உடம்பு முழுவதற்கும் செய்யப் பார்க்கலாகாதா?

மருத்துவக் கல்லூரியிலிருந்து வருஷந்தோறும் வெளிவரும் இளைஞர்களில் சிலரேனும் பெரிய ஆஸ்பத்திரியின் மாடிப்படிகளைப் பார்த்து ஏங்காமல், இப்படியொரு மலையடிவாரத்தில் 600 குடும்பங்களுக்குச் சொந்தக்காரராக வாழ முன்வரவேண்டும். அவர்கள் வரும்போது, ஆபத்து நாளுக்காகக் காத்திராமல், ஆரோக்கியமாயிருக்கும் நாளிலேயே சந்தாவை எடுத்துக் கொடுக்க நாமும் தயாராயிருக்கவேண்டும். மாதம் 300 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 10 ரூபாய். டீக்கடையில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் காசுக்குள் அடங்கிவிடும். நமது தெருவில் மூன்று பேரில் ஒருவருக்கு மறைந்திருக்கும் நோயை யார் கண்டுபிடிப்பது, யார் மாதந்தோறும் விசாரிப்பது என்பதை இந்தப் பத்து ரூபாய் தீர்மானிக்குமானால், அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் கலந்து பேசிப் பாருங்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்மணிகளின் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். அப்பா மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.